முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணை

முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாங்கிய முதல் திட்டு ஒரு தலையணைக்காக.

வீட்டில் நான் ஒருவன்தான். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வலது முழங்காலை மாற்றியபோது சென்னையிலிருந்து மகள் வந்து கூட இருந்தாள். விருத்தாசலத்துக்கு அழைத்து வந்து, கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, வாக்கரைக் கைக்கு எட்டும்படி வைத்து, மெஸ் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டு, லீவு முடிந்ததும் கிளம்பினாள். போகிறபோது சும்மா போகவில்லை.

"அடுத்த செக்கப்புக்குள்ள கால் நேரா நீட்டலன்னா வூட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்ப்பா. ஒத்தையில நீ வுழுந்து கெடந்தா யாரு பாக்குறது?"

"நான் ஏன் வுழுறேன்? நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்" என்றேன்.

அவள் இருப்பது மூன்றாவது மாடியில். அங்கே என் இடம் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே. யார் குறுக்கே போனாலும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். இதற்காகவா இத்தனை செலவு பண்ணிக் காலை மாற்றினேன்? எப்படியாவது காலை நீட்டிக் காட்டிவிட்டு என் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அதற்கு நான் செய்த காரியம்தான் அந்தத் தலையணை. ரிட்டையர் ஆகும்வரை செராமிக் யூனிட்டில் பொம்மை வார்த்தவன் நான். அச்சிலிருந்து எடுத்த யானை கொழுக்கட்டை மாவு போல இருக்கும். தும்பிக்கைக்கு அடியில் ஸ்பாஞ்சை அண்டக் கொடுத்துவிட்டுக் காய்கிறவரை அந்தப் பக்கமே போகக் கூடாது. தொட்டுப் பார்க்க வருகிறவனை நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். புதுசாக வைத்த முட்டியையும் அப்படியே நினைத்துவிட்டேன். அடியில் ஒரு தலையணையை வைத்து அசையாமல் படுத்தேன். வலியும் இல்லை. சரியாகத்தான் செய்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

உடற்பயிற்சி சொல்லித் தர ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் ஸ்கூட்டியில் வந்துபோவாள். அவள் வருகிற நேரத்துக்கு நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன், தலையணையும் தலைமாட்டுக்குப் போய்விடும். "மடங்குறது நல்லாதான் இருக்குது. நீட்ட மட்டும் ஏன் வர மாட்டேங்குது?" என்று குழம்புவாள். ஒருநாள் சொல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"தலகாணி இங்க என்னா பண்ணுது?"

"முட்டிக்கு அண்டக் குடுத்திருக்கேன்மா. மண்ணு பொம்ம மாதிரிதான், ஈரத்துல அசைச்சா கோணிக்கும். காயட்டும்னு வுட்டுருக்கேன்."

அவள் தலையணையை உருவிக் கீழே போட்டாள். முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் கையை விட்டாள். முழுக் கையும் தாராளமாக உள்ளே போனது.

"ஐயா, நீங்க வச்சது பொம்மைக்கு சரி. இது இப்புடியே கெடந்தா இப்புடியே காஞ்சிடும். அப்புறம் வளைஞ்ச காலோடதான் நடக்கணும்."

வளைந்து காய்ந்த தும்பிக்கையை யாராலும் நிமிர்த்த முடியாது. அது எனக்குத் தெரியாதா என்ன?

துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். "முட்டியக் கீழ அழுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் வுடாதீங்க." உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து "வுடுங்க" என்றாள்.

அவள் வராத நாட்களில் நானே செய்தேன். அழுத்த எனக்குத் தெரியும். விடுங்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. டிவியில் விளம்பரம் முடிகிறவரை அழுத்துவேன். மெஸ்காரர் கேட்டைத் திறக்கிறவரை அழுத்துவேன். அவர் கேரியரை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு "சாப்பாடு வந்துருக்குதுங்க" என்று வெளியிலிருந்தே சொல்லுவார். ஒருநாள் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னேன். "இன்னும் நெறைய வூடு இருக்குதுங்க" என்று போய்விட்டார். ஸ்கூட்டி சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். சொல்ல வெட்கம்தான்.

மகள் போன் பண்ணினால் ஒரே கேள்வி. "நீட்டுதாப்பா?"

"நீட்டும். அதுக்குள்ள என்னா அவசரம்?" என்று எரிந்து விழுவேன்.

பேத்திக்குப் பரீட்சை என்று செக்கப்புக்கு மகளால் வர முடியவில்லை. வாடகைக் காரில் நானே போனேன். டாக்டர் என்னைப் படுக்க வைத்து முட்டிக்கு அடியில் கையை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "நேராயிடுச்சு பெரியவரே" என்றார். மறுநாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணும், "இனிமே நீங்களே பண்ணிக்கலாம் ஐயா, நான் வர வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகளுக்குப் போன் பண்ணி, கால் நேராகிவிட்டது என்று சொன்னேன். அவள் எப்படியும் "இருந்தாலும் வந்துடுப்பா" என்பாள், நான் முதலில் முறுக்கிக்கொள்ள வேண்டும், இன்னொரு தரம் கேட்டால் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிவர வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன்.

"அப்பாடா" என்றாள் மகள். "உன் கட்டில எங்க போடுறதுன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தோம்ப்பா. இனி கவல இல்ல. நீ அங்கயே நிம்மதியா இரு."

"சரிம்மா" என்றேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் கேட்டதும் அதுதானே.

போனை வைத்துவிட்டுத் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். டிவி போடவில்லை. மெஸ்காரர் வந்துபோய்விட்டார். அழுத்தினேன். முட்டி கட்டிலில் போய்ப் படிந்தது, வலிக்கக்கூட இல்லை. விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.