சைக்கிள் டைனமோவில் கேட்ட பனிப்பாட்டு

மகள் இன்று தோடம்பழத் தோலை ஹீட்டரின் மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அது காய்ந்து எழுந்த ஆரஞ்சு மணத்தில், லண்டனில் நான் சிறுவயதில் இருந்த ஹவுன்ஸ்லோ வீட்டின் மேல் அறை நினைவில் வந்துவிட்டது. அங்கே வாடகைக்கு இருந்த ஜப்பான்காரி கெய்கோ அக்கா, இப்படித்தான் தோல்களைக் காயவைத்துவிட்டு, தன் நாட்டின் பழைய குளிர்காலப் பாட்டுகளை ஒரு கசெட்டில் போட்டுக்கொண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார். நான் கம்பளத்தில் படுத்துக்கிடப்பேன். பனி, ரயில், வராமல் போன ஒருவர், எல்லாப் பாட்டும் இதுதான் என்பார்.

ஜப்பானுக்குத் திரும்பும்போது அந்தக் கசெட்டை எனக்குத் தந்தார். அம்மா அதன்மேல், போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்திலிருந்த சின்னம்மாவுக்குக் குரல் கடிதம் பதிந்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

"வேறை கசெட் இல்லைப் பிள்ளை. தங்கச்சி என்ரை குரலைக் கேட்டு ரண்டு வருஷம்."

நான் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

மாதங்கள் கழித்துச் சின்னம்மாவின் கசெட் வந்தது. "கரண்ட் இல்லை அக்கா. சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலைதான் கேட்டனாங்கள். நீங்கள் கதைச்சு முடிய ஒரு பாட்டு வந்தது. லண்டன் பாட்டோ?" என்றவர், அதைப் பாடியும் காட்டினார். சுற்றிய கை சோர்ந்த இடங்களில் பாட்டு இழுபட்டிருக்க வேண்டும். சின்னம்மா அந்த இழுவையையும் சேர்த்தே பாடமாக்கியிருந்தார்.

இப்போது அந்தப் பாட்டு இணையத்தில் கிடைக்கிறது. ஓரிடத்திலும் சோராமல் ஓடி முடிகிறது. எனக்குத்தான், யாரோ அவசரப்பட்டுப் பாடுவதுபோல் இருக்கிறது.