மரச்சேணத்துக்கு ஒரு முதுகுப்பட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போவதற்காகத் தலை வாரிக்கொண்டு குசினி ஜன்னலால் பார்த்தபோது, பக்கத்து வீட்டு ஹோர்ஸ்ட் தன் வால்நட் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கால்கள் நிலத்தில் படவில்லை. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மரத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு கயிறு விறைத்து நின்றதைக் கண்டேன். மிச்சத்தைப் பார்க்க நான் நிற்கவில்லை. மீன் வெட்டும் கத்தியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வேலியைத் தாண்டினேன். அங்கே கிடந்த மரப்பெட்டியில் ஏறி, ஒரு கையால் அவருடைய தொடைகளை அணைத்துத் தூக்கிப் பிடித்து, மறுகையால் கயிற்றை அறுத்தேன். ஹோர்ஸ்ட் ஈரப் புல்லில் தொப்பென்று விழுந்தார். அவர் கையிலிருந்த கோப்பி என் பூசைச் சட்டையில் கொட்டியது. செத்தவர் கையில் சூடான கோப்பி இருக்காது என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

"வாஸ் மாகென் ஸீ டா!" என்று கத்தினார். என்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம். நான் கத்தியை ஆட்டி ஆட்டி, "நிக்ஸ் டோட்! நிக்ஸ் டோட்!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். சாகவேண்டாம் என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. மேல்மாடி ஜன்னலில் அவருடைய மனைவி வந்து நின்றா; இங்கே என்பது அவவின் பெயர். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. என் கணவர் அன்ரன் ஓடிவந்து கத்தியைப் பறித்தார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் ஏன் ஓடினேன் என்று விளக்கத் தேவையில்லை. ஜெர்மனியில் பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூட வளவில் ஒரு வாகை மரம் நின்றது. இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த ஒரு நாளில், சைக்கிள் திருத்துகிற ராசனை அதில் தலைகீழாகக் கட்டித் தூக்கினார்கள். ஊர்ச்சனம் முழுவதையும் வெயிலில் இருத்தி, பார் என்றார்கள். கம்பால் அடித்தார்கள், பிறகு துவக்குப் பிடியால் அடித்தார்கள். அவன் மூக்கால் வழிந்த இரத்தம் நெற்றியால் இறங்கித் தலைமயிர் நுனியில் சொட்டியது. அவனுடைய தாய் எழும்பியபோது அவவின் நெஞ்சில் துவக்கு முனையை வைத்தார்கள். பின்னேரம் அவர்கள் போனபிறகுதான் எங்களால் கயிற்றை அறுக்க முடிந்தது. கீழே இறக்கியபோது ராசனுக்கு உயிர் இல்லை. டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, ஓடன்வால்ட் மலையடியில், ஒரு ஞாயிறு காலையில் என்னைத் தடுக்க ஒரு துவக்கும் இருக்கவில்லை. அதனால் அறுத்தேன்.

நான் அறுத்தது வேட்டைக்கு உரிய ஒரு சேணம். குதிரைக்குப் போடுகிற சேணம் அல்ல, மனிதர் மரத்தில் தொங்குவதற்கானது. பிட்டத்துக்குக் கீழே ஓர் அகலமான வார், அதிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு. காலை அடிமரத்தில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, துவக்கோடு காத்திருக்கலாம். பக்கத்து அமெரிக்க இராணுவ முகாமில் இருந்த ஒரு சிப்பாய் நண்பன் சொல்லிக் கொடுத்ததாம். ஹோர்ஸ்ட் நாற்பது வருடம் கூரை வேய்ந்தவர். உயரம் பழக்கம், ஆனால் இடுப்பும் முழங்காலும் தேய்ந்துவிட்டன. மற்ற வேட்டைக்காரர்கள் ஏணி வைத்து ஏறுகிற பலகைப் பரணில் அவரால் அரைமணி நேரம் இருக்க ஏலாது. சேணத்தில் எவ்வளவு நேரம் தாங்கலாம் என்று முற்றத்தில் பரீட்சை பார்த்தவர் கோப்பியும் கையுமாக அப்படியே கண்ணயர்ந்து விட்டார். அந்த நேரத்தில்தான் நான் வந்து விழுத்தினேன்.

மன்னிப்புக் கேட்க நானும் அன்ரனும் போனோம். தொடையின் உட்பக்கத்தில் வார் வெட்டிய சிவந்த தழும்புகளை அவர் வெட்கமில்லாமல் காட்டினார். அப்போது நான் லொறிகளுக்குப் படங்கு தைக்கிற பட்டறையில் வேலை செய்தேன். தடித்த துணியும் பெரிய ஊசியும் எனக்குப் பழக்கம். "நான் தைத்துத் தாறன்" என்று தமிழிலேயே சொல்லி, தைப்பது போலக் கையால் காட்டினேன். அவருக்கு விளங்கியது.

உயிரைத் தாங்குகிற வாரும் கயிறும் அவர் மலையேறுகிறவர்களின் கடையில் வாங்கியவை. அவற்றில் நான் ஊசி போடவில்லை. சுகத்துக்கு உரியவை மட்டும் என் கைவேலை. தொடையை வெட்டாதபடி, கூடாரத்தில் விரித்துப் படுக்கிற பாயை மடித்து ஓரம் கட்டி ஓர் இருக்கை உறை தைத்தேன். முழங்கால் அடிமரத்தில் உராயும் என்பதால் பழைய கார்ச் சீற்றின் பஞ்சை வெட்டி, மேலே கம்பளித் துணி போட்டு இரண்டு முழங்கால் மெத்தைகள். கொழுக்கி இரும்பில் பட்டுச் சத்தம் வந்தால் மிருகம் ஓடிவிடும். அதற்கு ஒரு துணிக் கூடு. கடைசியாக முதுகுப்பட்டி. உடைந்த காரின் இருக்கைப் பட்டிகள் இரண்டை அருகருகே வைத்து, நான்கு வரிசை தையல் போட்டு, முதுகு சாய அகலமாகச் செய்தேன். ஹோர்ஸ்ட் மரத்தில் தொங்கியபடி தன் உடம்பில் தட்டித் தட்டி "க்னீ", "ரூக்கன்" என்று சொல்வார். முழங்கால், முதுகு என்று நான் திருப்பிச் சொல்வேன். வகுப்பில் ஏறாத ஜெர்மன் அந்த மரத்தடியில் ஏறியது.

ஆனாலும் தைக்கிறபோது ஒரு நினைப்பு வந்து குத்தும். எங்கள் ஊர் இராணுவ முகாமில் உயரத்தில் ஒரு காவல் பரண் இருந்தது. அதில் இருந்தவன் பொழுதுபோகாவிட்டால் கிணற்றடியை நோக்கிச் சுடுவான். என் சித்தியின் கையில் இருந்த வாளியைத் துளைத்த குண்டு, அவவின் வயிற்றையும் துளைத்தது. கிணற்றுக் கட்டில் சாய்ந்து, குடலைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு செத்துப் போனா. அந்தப் பரணில் இருந்தவனுக்கும் இடுப்பு நோகாமல் இருக்க எவளோ ஒருத்தி மெத்தை தைத்துக் கொடுத்திருப்பாளோ? அன்ரனிடம் கேட்டேன்.

"ஹோர்ஸ்ட் சுடுறது காட்டுப் பண்டியை. நீர் எல்லாத்தையும் ஒண்டாக்கிறீர்" என்றார்.

கார்த்திகை மாதம் பெரிய வேட்டை வந்தது. பற்றைகளைத் தட்டிச் சத்தமிட்டு மிருகங்களைக் கிளப்பிவிட ஆட்கள் தேவை என்று ஹோர்ஸ்ட் அன்ரனைக் கூப்பிட்டார். அன்ரன் என்பது தெற்கே பவேரியாவில் நிறையப் பேருக்கு உள்ள பெயராம், அதில் அவருக்குத் தனிச் சந்தோசம். "அன்ரன்! பவேரியன்காரன்!" என்று முதுகில் அடிப்பார். நாங்கள் அந்த ஊருக்கு வந்ததே, முன்பு இருந்த அகதி விடுதியின் ஜன்னல்களுக்கு வெளிநாட்டவரைப் பிடிக்காத மொட்டைத் தலைப் பெடியள் கல்லெறிந்து, வாசலில் தீ வைத்த பிறகுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற டுல்டுங் கடதாசி ஒன்று வைத்திருந்தோம். இந்த நாடு எங்களைப் பொறுத்துக்கொள்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியானவரை ஒருவர் வேட்டைக்கு அழைக்கிறார் என்றால் அன்ரன் போகாமல் இருப்பாரா? வேட்டையில் ஆள் தெரியப் போடுகிற செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை போலப் புறப்பட்டார். காட்டுக் குடிசையில் பட்டாணி சூப் காய்ச்ச ஹோர்ஸ்டின் மனைவி இங்கேயோடு நானும் போனேன்.

வெடிச்சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் என் கையிலிருந்த அகப்பை சட்டியில் இடித்தது. இங்கே என் தோளைத் தடவிவிட்டா. மத்தியானம் ஊதுகொம்பு ஊதினார்கள். வேட்டை முடிந்தது, எல்லோரும் துவக்கிலிருந்து குண்டை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் அர்த்தம். ஹோர்ஸ்ட் இறங்க நேரமெடுக்கும் என்று இங்கே சூடான சூப்பை ஒரு குடுவையில் தந்து, அவருடைய மரத்துக்குப் போகச் சொன்னா. வழியில் அன்ரனும் வந்து சேர்ந்துகொண்டார்.

ஓர் உயர்ந்த காட்டு மரத்தில், இரண்டு ஆள் உயரத்தில் ஹோர்ஸ்ட் சாய்ந்திருந்தார். மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, முட்பற்றைக்குள் ஒரு பெரிய ஆண் பன்றி கறுப்பாகக் கிடந்தது. அன்ரன் அதைக் கண்டதும் அதை நோக்கிப் போனார். ஹோர்ஸ்ட் மேலேயிருந்து கையை வீசி, "வெக் டா! வெக்!" என்று கத்தினார். வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த 'வேக்' என்றால் பாதை. "உங்காலை பாதை இருக்காம்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு அன்ரன் இன்னும் கிட்டப் போனார். ஜெர்மனில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பைக் குறுக்கினால் 'விலகிப் போ' என்று அர்த்தம் மாறும் என்பதை நாங்கள் அன்றைக்குத்தான் படித்தோம்.

பன்றி சாகவில்லை. அது எழும்பியதை நான் காணவில்லை. அன்ரன் விழுந்ததைத்தான் கண்டேன். அது தலையைக் கீழே போட்டு மேலே கிழித்தது. அன்ரனின் வலது தொடை, காற்சட்டையோடு சேர்ந்து, மீன் வயிறு போலப் பிளந்தது. அது திரும்பவும் வந்தது. நான் குடுவையைத் திறந்து சூப்பை அதன் முகத்தில் ஊற்றினேன், பிறகு குடுவையாலேயே அடித்தேன். மேலே ஹோர்ஸ்டின் துவக்கில் குண்டு இல்லை. இருந்திருந்தாலும் சுட்டிருக்க ஏலாது. பன்றியும் நாங்களும் ஒன்றாகக் கிடந்தோம். அந்த மனிதர் கயிற்றைக் கழற்றிவிட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி வழுக்கி விழுந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து தொங்க, தேய்ந்த இடுப்போடு ஓடிவந்து, பன்றியின் மேல் விழுந்து, முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியைப் பிடிமட்டும் இறக்கினார். ஒருதரம் அல்ல. அது மனிதக் குழந்தை போல வீரிட்டது. அது அடங்கும்வரை குத்தினார்.

அன்ரனின் தொடையிலிருந்து இரத்தம் நாடித்துடிப்போடு எகிறியது. அந்த மாதிரி இரத்தத்தை நான் ஊரில் கண்டிருக்கிறேன், அது காத்திருக்காது. ஹோர்ஸ்டின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, அவருடைய இடுப்பில் கிடந்த முதுகுப்பட்டியை அறுத்தெடுத்து, காயத்துக்கு மேலே சுற்றினேன். ஒரு தடியைச் செருகி முறுக்கினேன். பட்டி இறுகியது. நான்கு வரிசை தையலும் விடவில்லை. இரத்தம் நின்றது.

"ஸ்ரெல்லா, குளிருது" என்றார் அன்ரன்.

"கண்ணை மூடாதேங்கோ. என்னைப் பாருங்கோ. இஞ்சேருங்கோ, என்னைப் பாருங்கோ!"

ஹோர்ஸ்ட் கொம்பை எடுத்து விடாமல் ஊதினார். முதலில் ஓடிவந்த வேட்டைக்காரன் எங்களுக்குத் தெரியாதவன். இரத்தத்தில் குளித்த ஒரு கறுத்தப் பெண், பக்கத்தில் கத்தி, கீழே ஓர் ஆண். அவன் கண்டது அவ்வளவுதான். என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, இலைச் சருகில் முகம் குப்புற அழுத்தி, முதுகில் முழங்காலை வைத்தான். தடி கையை விட்டு நழுவியது. பட்டி அவிழ்ந்தது. இரத்தம் மறுபடி எகிறுகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது. மண் நிறைந்த வாயோடு "என்ர மனுசன்! என்ர மனுசன்!" என்று தமிழில் அலறினேன். மரத்தடியில் துவக்கு முனைக்கு முன் நின்ற ராசனின் தாயும் "என்ர பிள்ளை" என்று இப்படித்தான் அலறினா. அவவுக்கு ஒருவரும் வரவில்லை. எனக்கு ஹோர்ஸ்ட் வந்தார். தோலுரிந்த கையைப் பொத்தி அந்த மனிதனின் வாயில் குத்தினார். பல் உடைந்து தெறித்தது. நான் தவழ்ந்து போய்த் தடியைப் பிடித்து மறுபடி முறுக்கினேன். ஹெலிகொப்டர் வந்து இறங்கும்வரை நான் அதை விடவில்லை. டொக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுத்தார்.

ஹோர்ஸ்ட் இரண்டு கையிலும் கட்டோடு ஹொஸ்பிற்றல் நடையில் இருந்து அழுதார். "ஃபெர்சைஹுங், ஃபெர்சைஹுங்" என்று மன்னிப்புக் கேட்டார். அவருடைய மூக்கை என் சால்வையால் துடைத்துவிட்டேன். பல் உடைந்தவன் வழக்குப் போடவில்லை. என்னிடம் வரவும் இல்லை.

சில நாள் கழித்து ஓர் இளம் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது தொடையில், அறுந்த இரத்தக் குழாயைப் பிடித்து அவர்கள் போட்ட சின்ன உலோகக் கவ்விகள் வெள்ளையாகத் தெரிந்தன. அவருடைய விரல் அங்கே நிற்காமல் இடது தொடைக்குப் போனது. அங்கே ஒரு மிளகாய் விதை அளவில் இன்னொரு வெள்ளை.

"இதுவும் வேட்டையிலா?" என்று கேட்டார்.

அது ஊரில், மடுப் பக்கம் ஒரு மாதா கோயிலில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோது விழுந்த ஷெல்லின் துண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் காலை அன்றைக்கு என் தாவணியைக் கிழித்துக் கட்டினேன். கட்டும்போது பெயர் கேட்டேன், அன்ரன் என்றார். இதை எந்த ஜெர்மனில் சொல்வது?

கட்டிலில் கிடந்தவர் தமிழில் சொன்னார்: "ஓம் எண்டு சொல்லும். வேட்டைதானே."

"யா" என்றேன். எடுத்துவிடலாமா, சின்ன வேலைதான் என்று டொக்டர் கேட்டார். அன்ரன் தலையை ஆட்டி மறுத்தார். "அது கிடக்கட்டும்."

குளிர் தொடங்கினால் அவருக்கு இப்போது இரண்டு காலும் உளையும். வேலையால் வந்து கட்டிலில் சாய்ந்ததும் நான் எண்ணெயோடு போய்க் கேட்பேன், "இண்டைக்கு எது? ஊர்க்காலோ, ஜெர்மன் காலோ?" ஒரு நாளைக்கு அது என்பார், ஒரு நாளைக்கு இது என்பார். நேற்றுப் பின்னேரம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டபோது அவர் போர்வையை விலக்கி இரண்டையும் என் மடியில் தூக்கி வைத்தார்.

"தெரியேல்லை" என்றார். "நீரே பார்த்துச் சொல்லும்."