கச்சதீவுக்குத் தண்ணீர் சுமந்த கதை

ஆட்களைச் சேர்த்துத் தீவுக்குக் கூட்டிப்போகிற வேலையில் கடல் பெரிய சங்கடமே இல்லை. சங்கடமெல்லாம் புறப்படுகிற ஊரிலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கேட்டார்கள் என்று இதை எழுத உட்கார்ந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னாலும், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் வாயிலும் வைத்துவிடுவேனோ என்று பயம். பிசகியிருந்தால், என்னோடு வந்தவர்கள் மாத்தளைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு கலியாணத்துக்காவது பஸ் பிடித்து ஆள் கூட்டிப் போனவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

என் பிழைப்பு தையல். டவுனில் ஒரு மெசின் வைத்து ரவிக்கை தைக்கிறேன். தீவு வேலை அதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் நெருப்புக் காய்ச்சலில் பேச்சில்லாமல் கிடந்தபோது, "இவர் எழும்பினால் கச்சதீவுத் திருநாளுக்கு முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று அந்தோனியாருக்கு நேர்ந்தேன். மற்றவர்கள் ஒரு மெழுகுதிரி நேருவார்கள். பயத்தில் என் வாயில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். அவர் எழும்பிக் கஞ்சி கேட்டார். அன்றைக்குத் தொடங்கியது என் கவலை.

சுவாமியாரின் நிபந்தனை

கச்சதீவில் வருஷத்தில் ஒரு திருநாளுக்குத்தான் ஆள் நடமாட்டம். மற்ற நாளெல்லாம் மணல், பற்றை, அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கோயில், சுற்றிக் கடல். வீடு கிடையாது, கடை கிடையாது, குடிக்கிற தண்ணீர் கிடையாது. முந்திய வருஷம் எங்கள் டவுனிலிருந்து போன கூட்டத்துக்கு, கூட்டிப்போனவர் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். இரண்டு பெண்கள் வெயிலில் மயங்கி விழுந்தார்கள். அவர்களைப் பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் டவுன் கோயில் வாசலில் இறக்கியதை நானும் பார்த்தேன்.

அதோடு பங்குச் சுவாமியார் கூட்டமாகப் போவதையே நிறுத்திவிட்டார். நான் போய் என் நேர்த்தியைச் சொல்லி அழுதேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, என்னை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூட்டிக்கிட்டுப் போ பிலோமினா. ஆனா போன ஆள் அத்தனை பேரும் இதே வாசலுக்குச் சொந்தக் கால்ல நடந்து வரணும். ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு வந்தாலும் அதுதான் கடைசி. உனக்கும் கடைசி, ஊருக்கும் கடைசி."

ஒன்றும் இல்லாத ஊர்

டவுனில் பன்னிரண்டு பேர்தான் சேர்ந்தார்கள். முந்திய வருஷத்துப் பாய் எல்லாருக்கும் கண்ணுக்குள் நின்றது. மிச்சத்துக்கு ரத்தொட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். அங்கே கொழுந்து பறிக்கிற சவரியம்மா என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டாள்.

"அங்க கடை இருக்காக்கா?"

"இல்லை."

"ஆசுபத்திரி?"

"இல்லை."

"ரோட்டு?"

"அதுவும் இல்லை."

எனக்கே குரல் இறங்கிவிட்டது. இப்படி ஒரு இடத்துக்கு ஆள் கேட்டு வந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் யோசித்தாள். "அப்ப கங்காணி?" என்றாள். "கங்காணியும் இல்லை, துரையும் இல்லை" என்றேன். சவரியம்மா திரும்பி லயத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏய், கேட்டீங்களாடி? அக்கா, எங்க வீட்டுல நாலு பேரை எழுதிக்கிங்க!"

நானாவின் டின்கள்

ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் என்று சட்டம் வைத்தேன். சமையலுக்கும் ஆபத்துக்கும் நாலு பெரிய டின். டின்னுக்கு எண்ணெய்க் கடை நானாவிடம் போனேன். தேங்காயெண்ணெய் வந்த டின்களைச் சாம்பல் போட்டு, புளி போட்டு, வெந்நீர் ஊற்றி ஐந்து நாள் தேய்த்தேன். வாசம் போகவில்லை. ஆறாம் நாள் சுண்ணாம்பு கேட்டுப் போனபோது நானா தராசை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, மாத்தளையில மூலைக்கு மூல பீலியில தண்ணி ஓடுது. நீங்க இங்கருந்து தண்ணி கட்டிக்கிட்டுக் கடலுக்குப் போறீங்க. திரும்பி வரக்குள்ள அங்கருந்து உப்புக் கொண்டு வந்தாலாவது ஒரு கணக்கு இருக்கும்."

மூட்டைச் சோதனை

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லார் மூட்டையையும் அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அப்படிச் செய்தது நல்லதாகப் போயிற்று. தோட்டத்துச் சனம் முழுவதும் கம்பளி கொண்டு வந்திருந்தது. மாசி மாசத்துக் கடல்வெயிலுக்குக் கம்பளி! சவரியம்மாவின் புருஷன் மரியசூசை மூட்டையில் ஒரு முழுக் கட்டிச் சவர்க்காரமும் ஒரு பை சுண்ணாம்பும் இருந்தன. குளிக்கவா என்றேன். இல்லையாம், அட்டைக்காம். காலில் பூசிக்கொண்டால் அட்டை ஏறாது என்று எனக்கே சொல்லித்தந்தார். அங்கே அட்டை கிடையாது என்று நான் மூன்று தரம் சொன்ன பிறகு, சவர்க்காரத்தை மெல்ல மூட்டைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அட்டை இல்லாத ஊரும் உலகத்துல இருக்கும்னு நீங்க நம்புறீங்க. நீங்க டவுன் ஆளு."

சுண்ணாம்பு வள்ளம்

அந்தச் சுண்ணாம்பு வீண்போகவில்லை. எங்களைத் தீவுக்கு ஏற்றிப்போகிற வள்ளக்காரருக்கு நான் போஸ்ட்காட் போட்டிருந்தேன்: வள்ளம் எத்தனை முழம் நீளம், குறுக்கே எத்தனை பலகை, ஒரு பலகையில் எத்தனை பேர். பதில் வந்திருந்தது. மரியசூசையின் சுண்ணாம்பால் கோயில் வளவில் அதே அளவுக்கு ஒரு வள்ளம் கீறினேன். என்னையும் டிரைவரையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். யார் எந்த இடம், டின் எந்த இடம், எழும்பக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது. ஒரு மணித்தியாலம் உட்காரவைத்தேன். ரோட்டில் போனவர்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டிரைவர் குணே, பல்லேபொலச் சிங்களவர், புத்த சமயத்து ஆள், அவரும் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் வந்து தன் இடத்தில் மரியாதையாக உட்கார்ந்தார்.

பாதியில் எனக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடினால் அலை தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினேன். சவரியம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்: "அக்கோ, நில்லுங்க! நடுக்கடல்ல இறங்கி ஓடுறீங்களே!"

நாலந்தாவில் ஒரு தையல்

விடியக்காலை புறப்பட்டோம். வழியில் உள்ள நாலந்தாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது போத்தல்களைப் பார்த்தேன். போத்தல்களில் பாதி காலி. ஒருத்தி முகம் கழுவியிருக்கிறாள். ஒருத்தி வெற்றிலை வாயைக் கொப்பளித்திருக்கிறாள். மரியசூசை, பாரமாக இருக்கிறதென்று இரண்டையும் வெளியே ஊற்றிவிட்டார், போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாமாம். நான் கோபிக்கவில்லை. பிறந்ததிலிருந்து வாசலில் மலைத்தண்ணீர் பீலியில் கொட்டுகிற சனத்துக்குத் தண்ணீர் ஒரு பொருளாகவே தெரியாது. காற்றைச் சிக்கனம் பிடி என்று சொன்னால் நாம் கேட்போமா?

கிணற்றில் எல்லாப் போத்தலையும் திரும்ப நிரப்பினோம். பிறகு என் தையல் பையை எடுத்தேன். வெட்டுத் துணி எப்போதும் அதில் இருக்கும். ஒவ்வொரு மூடிக்கு மேலும் துணி போட்டுக் கழுத்தைச் சுற்றி இரட்டை நூலில் தைத்தேன். வழியில் தாகமென்றால் கிணறு உள்ள ஊர்களில் நிறுத்துவோம். இந்த நூலைத் தீவில்தான் வெட்டலாம். கத்தரிக்கோல் ஒன்றுதான், அது என் இடுப்பில். அறுபத்துநாலு போத்தல். பெண்கள் பிடித்துத் தர, இரண்டு மணித்தியாலம் பஸ் அப்படியே நின்றது. குணே மரத்தடியில் குந்தியிருந்து முழுவதையும் பார்த்தார். கடைசி முடிச்சுப் போட்டதும் எழும்பி வந்து சொன்னார்: "அக்கே, போத்தல் வாய் தச்சது நல்ல வேல. இந்த சவரியம்மா வாயும் ஒரு ரெண்டு தையல் போட்டா, எனக்கு யாழ்ப்பாணம் வரைக்கும் நிம்மதியா ஓட்ட ஏலும்."

துறையில் உட்கார்ந்தது

யாழ்ப்பாணத்துத் துறையில் வள்ளக்காரர் எங்கள் நாலு டின்னையும் கண்டு முகம் சுளித்தார். "அக்கா, உந்தத் தகரங்களைக் கரையில விடுங்கோ. அந்த இடத்தில இன்னும் பத்துப் பேரை ஏத்தலாம்" என்றார். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சனம், வள்ளத்துக்கு இடிபட்டுக்கொண்டு நின்றது. நான் ஒரு டின்னைப் பிடித்துக்கொண்டேன். "தண்ணி ஏறினாத்தான் நாங்க ஏறுவோம்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

முதலில் சவரியம்மா மணலில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து இடத்தில் மரியசூசை. அப்படியே ஒவ்வொருவராக, கோயில் வளவில் இருந்த அதே வரிசையில், டின்னுக்கு இடம் விட்டு, முப்பத்தொரு பேரும் வள்ளம் போலவே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பெருமையை இந்த வயதிலும் சொல்லத் தெரியவில்லை. வள்ளக்காரர் தலையைச் சொறிந்தார். டின்னை அவரே தூக்கி வைத்தார். நாங்கள் எழும்பி அதே வரிசையில் ஏறி அமர, அவர் தன் கூட்டாளியைப் பார்த்துச் சொன்னார்: "எத்தினையோ வருசமா சனத்தை ஏத்திறன். கரையிலயே இருந்து பழகிக்கொண்டு வந்த சனத்தை இண்டைக்குத்தான் காணுறன்."

உடைந்த குடம்

கடல் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மடியிலிருந்த போத்தலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன், அதுவும் வாந்தி எடுக்காத நேரத்தில். தீவைப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் கிடக்கிற கல்லைக் கரையில் நின்றே எண்ணலாம். சவரியம்மா செருப்பில்லாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நடந்து போனாள், திரும்பி நடந்து வந்தாள். எதற்கென்று கேட்டேன். ஒன்றுக்கும் இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை, அதனால் நடந்தேன் என்றாள்.

மறுநாள் காலை, பூசைக்குப் பிறகு, இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்களிடம் வந்தது. வள்ளத்திலிருந்து இறங்கும்போது அவர்களுடைய குடங்கள் உடைந்துவிட்டன. பதினைந்து பேர், அதில் ஒருத்தி கையில் பச்சைப்பிள்ளை. எங்களிடம் இருந்தது ஒன்றரை டின்னும், ஆளுக்கு ஒரு போத்தல் அளவும். நான் மட்டும் பயத்தில் என் இரண்டு போத்தலையும் வெட்டாமல் வைத்திருந்தேன். வள்ளம் புறப்பட மத்தியானம் ஆகும். என் கண்ணுக்குள் பாய் தெரிந்தது, கோயில் வாசல் தெரிந்தது. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சவரியம்மா என் காதோரம் வந்து, "நம்ம பீலியில போறவன் வாறவன் எல்லாம் குடிக்கிறான். என்னைக்காவது நீ யாருன்னு கேட்டிருக்கோமா?" என்றாள். என் இரண்டு போத்தலையும் வெட்டிப் பிள்ளைக்காரியிடம் கொடுத்தேன். டின் ஒன்றை மற்றவர்கள் பக்கம் நகர்த்தினேன். அவர்களில் பெரியவர் ஒரு குவளை குடித்து, வாயைத் துடைத்து, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "புண்ணியவதி, எந்த ஊருத் தண்ணி இது? தாளிக்காமலே எண்ணெ மணக்குது! இன்னுமொரு குவளை ஊத்துங்க."

கோயில் வாசல்

திரும்புகிற வள்ளத்தில் சவரியம்மா தன் போத்தலை நீட்டினாள். வேண்டாம் என்றேன். கூட்டிப்போனவள் கூட்டத்திடம் வாங்கிக் குடித்தால் பிறகு என்ன மரியாதை என்று ஒரு வீம்பு. வாந்தியும் வெயிலும் சேர்ந்து என்னை முடித்துவிட்டன. கரைக்கு வந்து கிணற்றுத் தண்ணீர் குடித்தும் வயிற்றில் தங்கவில்லை. மாத்தளையில் பஸ் நின்றபோது முப்பத்தொரு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். நான் சீட்டை விட்டு எழும்ப முடியாமல் இருந்தேன். சுவாமியார் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். குணே குனிந்து, "தூக்கவா அக்கே?" என்றார். "தொட்டா பாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே கொஞ்சம் பலம் வந்தது.

பஸ்ஸிலிருந்து வாசலுக்கு இருபது அடி இருக்கும். முதலில் பஸ்ஸைப் பிடித்தேன், பிறகு மதிலைப் பிடித்தேன், கடைசி நாலு அடிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. நடந்தேன். ஒருவர் கையும் என்மேல் படவில்லை. சுவாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மத்தவங்களைப் பார்த்தா திருநாளுக்குப் போய் வந்த மாதிரி இருக்கு. உன்னைப் பார்த்தா போன வருஷத்துக் கூட்டத்தோட போய் வந்த மாதிரி இருக்கு. அடுத்த வருஷமும் நீயே கூட்டிக்கிட்டுப் போ பிலோமினா, ஆனா நீயும் கொஞ்சம் தண்ணி குடி."

அதன்பிறகு பதினொரு வருஷம் கூட்டிப்போனேன், ஒருவரும் பாயில் வரவில்லை. என் பாதுகாப்புக்கென்று நான் கடைசியில் செய்தது ஒன்றுதான்: என் பெயருக்கு மட்டும் மூன்றாவது போத்தல் ஒன்றைத் தைத்து, அதை நானே வெட்டிக் கொடுத்துவிடாதபடி கத்தரிக்கோலைச் சவரியம்மாவின் இடுப்பில் செருகிவிட்டேன்.