லைன் செத்திருந்த காலை

பக்ருதீன் பாய் ஓடுகிற லைனை அறுக்கமாட்டார். அரூருக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர் டெலிபோன் எக்சேஞ்சில் அவர்தான் மெக்கானிக். பழைய கம்பியை மாற்ற வேண்டுமென்றால், முதலில் புதியதை அதோடு சேர்த்துக் கட்டுவார். ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்பார். பேச்சு முடிந்து கம்பி ஓய்ந்த பிறகே பழையதை வெட்டுவார். பேசியவருக்குத் தன் லைன் மாறியதே தெரியாது.

எண்பத்தாறில், ஊர்க் கம்பியெல்லாம் வந்து சேருகிற போர்டுக்குப் பதிலாகப் புது போர்டு வந்தது. ஒவ்வொரு கம்பியாக மாற்றினால் ஒரு வாரம். எல்லாவற்றையும் பிடுங்கி ஒரேயடியாக மாட்டினால் ஒரு காலைப்பொழுது. அதுவரை ஊருக்கே போன் கிடையாது.

அவர் மனைவி ஹசீனா அப்போது சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். துணைக்கு ஹசீனாவின் தம்பி ஜமீர். போர்டு வேலை முடியாமல் பாய்க்கு லீவு இல்லை.

"ஒரேயடியா புடுங்கிடலாங்க," என்று சூப்பர்வைசரிடம் அவரே சொன்னார். "மத்தியானம் சேலம் பஸ்ஸப் புடிச்சிருவேன்."

ஆபரேட்டர் லூர்துமேரி சிரித்துவிட்டார். "நீங்களா பாய்? ஒரு கம்பிய வெட்ட ஒம்பது தடவ காது வெச்சுக் கேக்கற ஆளு!"

முந்தின நாள் சைக்கிளில் ஊரைச் சுற்றினார். டாக்டர் வீடு, போலீஸ் ஸ்டேஷன், புளி மண்டி. "நாளைக்குக் காலைல போன் செத்துருங்க. அவசரம்னா இப்பவே பேசிக்குங்க."

"நல்லதாப் போச்சு பாய்," என்றார் மண்டி வேடியப்பன். "ஒரு நாளைக்காவது சேலத்துக்காரன் கத்தறது காதுல வுழாது."

போன் இருந்த எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பாய் வீட்டில் போன் இல்லை. அவருக்கு வருகிற அழைப்பு எக்சேஞ்சுக்கே வரும். ஜமீருக்குச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

காலையில் பிடுங்கினார்கள். கம்பிகள் தரையில் கற்றை கற்றையாகக் கிடந்தன. பாய் நிமிராமல் மாட்டிக்கொண்டே போனார். புது போர்டுக்கு உயிர் வந்ததும் சேலம் லைனின் விளக்குத்தான் முதலில் எரிந்தது.

"பாய், உங்களுக்குத்தான்," என்றார் லூர்துமேரி.

"எங்க போனீங்க மச்சான்?" ஜமீர். "விடிஞ்சதும் அக்கா நல்லா முழிச்சிக்கிச்சு. உங்ககிட்டப் பேசணும்னுச்சு. நர்சம்மா அவங்க ரூம்லயே சேர் போட்டு ஒக்கார வெச்சாங்க. லைன் வரல, வரலங்கறாங்க. அக்கா ரிசீவரக் கீழயே வைக்கல மச்சான். 'அவரு லைன அறுக்கமாட்டாரு, இதோ வந்துரும்'னு புடிச்சிக்கிட்டே இருந்துச்சு. என்னமோ சொல்ல இருந்துச்சு. எங்கிட்டச் சொல்லல."

"இப்பக் குடு அதுகிட்ட."

ஜமீர் அழுதான். புது போர்டில் அவன் பக்கத்து அறையில் அழுவது போலத் தெளிவாகக் கேட்டது.

அவர் நினைத்த பஸ்ஸே கிடைத்தது. ஜன்னலோரம் இடமும் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கேபிள் மாற்ற வேண்டி வந்தது. "ஒரேயடியா முடிச்சிரலாமே பாய்," என்றார் புதிதாக வந்த சூப்பர்வைசர். பாய் முதல் கம்பியோடு புதியதைச் சேர்த்துக் கட்டினார். ரிசீவரைக் காதில் வைத்தார்.

"யாராச்சும் பேசறீங்களா?"

யாரும் பேசவில்லை. கட்டிங் பிளேயரைக் கையில் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.