அசையாமல் உட்கார்ந்த மாப்பிள்ளை

எங்கள் ஐயாவுக்குப் பிடிக்காத காரியங்கள் நிறைய இருந்தன. பெரிய காரியங்கள் எதுவும் அவரை அசைத்ததில்லை. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட வருஷம்கூட அவர் குரலை உயர்த்தியதாக ஞாபகமில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்து ஒருவன் காலாட்டினால் போதும், அவர் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆகிவிடும். மோரை உறிஞ்சிக் குடிப்பது, விரலைச் சொடுக்குவது, கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டுவது, கேட்ட கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி கேட்பது எல்லாமே அவருக்கு ஆகாது. கதவைப் பாதி திறந்து பாதி சாத்தி வைத்தால், "தொறந்தா தொற, சாத்துனா சாத்து, இது என்ன ரெண்டுங்கெட்டான்?" என்பார்.

அப்பாவைத்தான் நாங்கள் ஐயா என்போம். அம்மா எங்களுக்கு ஆத்தா. வீட்டில் நாலாவது ஆள் அத்தை, ஐயாவின் ஒரே தங்கை. குன்றாண்டார்கோவிலுக்குத் தெற்கே, பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து வண்டிப் பாதையில் நடந்து வரவேண்டிய ஊர் எங்களுடையது. அத்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்போது மீசைகூட முளைக்காத ஐயா ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்து வளர்த்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த அத்தைதான் வீட்டை ஐயாவுக்குத் தோதாக வைத்திருந்தாள். கதவின் குடுமிக்கு விளக்கெண்ணெய் விடுவாள். கன்றுக்குட்டியின் கழுத்துமணிக்குள் துணியைத் திணித்து வைப்பாள். ஐயா சாப்பிட உட்காரும்போது காக்கை கத்தினால், அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொல்லைக்குப் போய் விரட்டிவிட்டு வந்திருப்பாள். அவளைப் பார்த்து ஆத்தாவும் சத்தமில்லாமல் நடக்கவும், சத்தமில்லாமல் பாத்திரத்தைக் கீழே வைக்கவும் பழகிவிட்டாள். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். விளக்குக்கு ஊற்றும் சீமைத்தண்ணிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு. எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அத்தை இருபதைத் தாண்டிவிட்டாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வராமல் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஐயாவிடம் தோற்றுப் போனார்கள்.

சித்தன்னவாசல் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு நஞ்சையும் புஞ்சையும் இருந்தன, ஆனால் மோரை உறிஞ்சிக் குடித்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எதைச் சொன்னாலும் 'அதாவது' என்று ஆரம்பித்தார். ஊர்ப்பெயரைக் கேட்டதற்குக்கூட "அதாவது" என்றார். இன்னொருவர் பேச்சுக்கு நடுவே பத்து விரலையும் வரிசையாகச் சொடுக்கினார். அவர்கள் போனபிறகு ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிப்படாது" என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

எனக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. வந்தவர்கள் போலவே உறிஞ்சியும் சொடுக்கியும் அத்தைக்கு நடித்துக் காட்டுவேன். அவள் சிரிப்பாள். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்வாள். புகைக்காகத் திரும்புகிறாள் என்று நினைப்பேன்.

அடுத்த வரன் கீரனூரிலிருந்து வந்தது. சந்தையில் கயிறும் சாக்கும் விற்கும் சின்ன வியாபாரி. கொண்டுவந்தவர் ஆத்தாவின் அண்ணன், என் தாய்மாமன். அவர் நாள் குறித்துக்கொண்டு கிளம்பும்போது ஆத்தா மாட்டுக்கொட்டகை வரைக்கும் கூடவே போனாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, இந்தத் தடவ மாப்பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிப்புடுங்க" என்றாள். "காலாட்டக் கூடாது. மோர உறிஞ்சக் கூடாது. வெரலு சொடுக்கக் கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

மாமா சிரித்தார். "ஏத்தா, பொண்ணு பாக்க வர்றவன் என்ன, சாமி சிலையா?"

"ஒரு நாழி சிலையா இருக்கட்டும்ணே. அந்தப் புள்ள எத்தன வருசமா இருக்கு" என்றாள் ஆத்தா. மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஆத்தா என் காதைப் பிடித்துச் சொல்லி வைத்தாள்.

அவர்கள் கரிப்புகை கக்கும் பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாயார், என் மாமா. மாப்பிள்ளை ஒல்லியாக, கயிறு திரித்துக் காய்த்த கைகளோடு இருந்தார். விரித்த ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தார். வைத்தவர் வைத்தவர்தான்.

ஆத்தா மோர் கொடுத்தாள். அண்ணாந்து, தொண்டைச் சத்தம்கூட வராமல் ஊற்றிக்கொண்டார். ஐயா மழையைப் பற்றிக் கேட்டார், "இல்லீங்க" என்றார். வியாபாரத்தைப் பற்றிக் கேட்டார், "பரவாயில்லீங்க" என்றார். அத்தை தலையைக் குனிந்தபடி வந்து வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். அப்போதும் அவர் அசையவில்லை, கண்கள் மட்டும் ஒருமுறை போய்த் திரும்பின.

ஓர் ஈ வந்தது. அவர் நெற்றியில் உட்கார்ந்து, மூக்கில் இறங்கி, உதட்டோரம் வந்து நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நெற்றியில் வியர்வை மட்டும் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நின்றது. ஐயா அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த ஈக்கே சலித்து எழுந்து போனது.

இந்த மாப்பிள்ளையிடம் நடித்துக் காட்ட ஒன்றுமே இல்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மாமா அவர்களை மாடு கன்று பார்ப்பதற்கென்று கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். ஐயா எழுந்து துண்டை உதறினார்.

"சரிப்படாது."

"என்ன மச்சான் சரிப்படல?" என்றார் மாமா.

"இப்பிடி அசையாம ஒரு மனுசன் உக்காருவானா? பக்கத்துல இருந்தா எனக்கே மூச்சு முட்டுது. மூக்குல ஈ உக்காந்தாலும் வெரட்டத் தெரியல. ஆளு ஒரு தினுசாத்தான் இருக்கான்."

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஆத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அடுப்படியிலிருந்து அத்தை வெளியே வந்தாள். கை ஈரமாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டே வந்து ஐயாவுக்கு நேரே நின்றாள். அப்படி நின்று அவள் பேசி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"அவரு ஏன் அசையலன்னு எனக்குத் தெரியும்ணே. ஒங்களுக்கு எதெது ஆகாதுன்னு மதினி சொல்லி அனுப்பியிருக்காங்க. காத்தோட்டமா இருக்கட்டும்னு சன்னல் தொறக்கப் போனேன், அப்பக் காதுல விழுந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா ரெண்டு தடவ ரகசியமா ஞாபகப்படுத்துனாங்க."

ஐயா ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"என்னைப் பாக்க வந்தவங்க எல்லாரும் அவங்க பாட்டுக்கு இருந்தாங்க, போனாங்க. இந்த ஒரு ஆளு எனக்காக ஈயக்கூட வெரட்டாம உக்காந்திருக்காரு" என்றாள் அத்தை. குரல் உடையவில்லை, கொஞ்சம் தாழ்ந்தது. "எனக்கு இது போதும்ணே."

ஐயா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிக் கமலைக் கிணற்றுப் பக்கம் நடந்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். திரும்பி வந்த கீரனூர்க்காரர்களிடம் மாமா எதையெதையோ பேசிப் பொழுதை ஓட்டினார். மாப்பிள்ளை மறுபடி கைகளை முழங்கால்மேல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் பிடிக்கவேண்டிய பஸ் போய்விட்டிருக்கும். அத்தை அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள்.

வெயில் சாய்ந்தபிறகு ஐயா வந்தார். முகம் கழுவியிருந்தார், மீசையில் இன்னும் தண்ணீர் நின்றது. நேராக மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"காலு மரத்துப் போயிருக்குமே" என்றார். "நல்லா நீட்டி உக்காருங்க மாப்பிள்ளை."

'மாப்பிள்ளை' என்ற சொல் விழுந்ததும் மாமா கண்ணை மூடித் திறந்தார். அடுப்படிக்குள் வளையல் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை முதலில் நம்பாமல் தன் தாயாரைப் பார்த்தார். பிறகு வலியோடு காலை நீட்டினார். நீட்டிய சற்று நேரத்துக்கெல்லாம் அந்தக் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. அவருக்கே அது தெரியவில்லை. ஐயா ஒருமுறை அதைப் பார்த்தார், பிறகு மோட்டு வளையைப் பார்த்தபடி தை மாதத்து முகூர்த்தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தை கீரனூருக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் நல்ல காலம் வந்தது என்று நான் முடிவுகட்டினேன். ஐயாவுக்கு எதுவுமே எரிச்சலாக இல்லை. நான் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தேன், திட்டு விழவில்லை. கதவு பாதியில் கிடந்தது, அவர் அதைத் தாண்டிப் போனார். காக்கைகள் இஷ்டத்துக்குக் கத்தின. ஒருநாள் குழம்பில் உப்பில்லை, அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஐயாவுக்குக் கோபம் விட்டுப்போனது பற்றித் தெருப் பிள்ளைகளிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். ஆத்தாவிடமும் சொன்னேன். அவள் என் தலையைப் பிடித்துப் பேன் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் ஐயா சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். ஆத்தா முற்றத்தில் கிடந்த இரும்பு வாளியைத் தூக்காமல், கல் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு கொல்லைவாசல் வரை போனாள். பல் கூசியது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

ஆத்தா வாசலில் நின்று திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அதே காலி வாளியை அதே வழியில் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக. அப்போதும் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் வாளியைக் கீழே விட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் எடுக்கப் போனவள் தண்ணீர் எடுக்காமல் ஏன் வந்தாள் என்றுதான் எனக்கு அன்று ஆச்சரியமாக இருந்தது.