பிரேக் மாற்றாத சின்னக் கார்

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான் நான். ஆனால் நாமக்கல்லில் என் பட்டறையில் பாடி கட்டிய லாரி போகாத ஊர் இந்தியாவில் கிடையாது. அந்தப் பட்டறைக்கு ஒருவர், இங்கிலாந்துக்காரன் செய்த பழைய சின்னக் காரில் இரண்டு மடங்கு பெரிய எஞ்சினைத் திணித்துக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர். நின்ற இடத்திலும் ஆக்சிலேட்டரை மிதித்து உறும விட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சினுக்கு மேல் பானெட் மூடவில்லை, முன்பக்கத்தை வெட்டித் தர வேண்டுமாம்.

"பிரேக்கை மாத்துனீங்களா?"

"அதை மாத்துனா வெளிய யாருக்குங்க தெரியும்? நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சுங்க."

"அப்ப பழத்தையே மிதிச்சு நிறுத்துங்க சாமி. நான் தொடமாட்டேன்" என்றேன்.

காருக்குள் இருந்த அவர் மனைவி பையோடு இறங்கினார். "நீங்க போங்க. நான் ராசிபுரம் பஸ்ஸுல வாரேன்."

"பஸ்ஸுக்கு முன்னாடி நான் ஊட்டுல இருப்பேன், பாரு!" என்று சிரித்துவிட்டு அவர் கிளம்பினார். மனைவி எதற்காக இறங்கினார் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.