எஸ்தர் அக்கா தரையில் படுத்து எடுத்த அளவு

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று பென்னலூரிலிருந்து அவர் தம்பி போன் செய்தபோது, நான் ஷெட்டில் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு அது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுகிற ஷெட் நம்முடையது, இருங்காட்டுக்கோட்டையில். போர்டு எழுத்தையெல்லாம் நான்தான் ஸ்டிக்கரில் பிளேடால் அறுப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள்தான், ஆனால் என் எழுத்து கோணாது. தொண்ணூற்றொன்றில் எழுத்து அறுக்கிற கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. அதை ஓட்ட அக்கா வந்தார். நான் ஒரு நாள் முழுக்க அறுக்கிறதை அது டீ குடிக்கிற நேரத்தில் அறுத்தது.

"இந்த வேலை முடிஞ்சதும் நீ நின்னுக்கோ, அஞ்சல" என்றார் முதலாளி என்னிடம். அக்காவிடம் நான் முகம் கொடுத்தே பேசவில்லை.

அந்த வேலை ஒரு பம்ப்செட் கம்பெனியின் முகப்பு போர்டு. மூன்று வரி. மிஷின் எல்லா வரியையும் ஒரே அளவாக, மயிரிழை பிசகாமல் அறுத்தது. வாசலில் கம்பம் நட்டு ஏற்றினால் மேலே போகப் போக வரி சப்பையாகத் தெரிந்தது. முதலாளி கத்தினார். அக்கா டேப் வைத்து அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "மேல போனா கண்ணுக்குச் சின்னதாத்தான் தெரியும். நான் மேல் வரியப் பெருசாத்தான் அறுப்பேன்" என்றேன்.

"நான் மேசை மேல வெச்சே பாத்துட்டேன். எவ்ளோ பெருசா?" என்றார் அக்கா.

"படுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்க்கா."

போர்டை இறக்கிச் சுவரில் சாய்த்தோம். தரையில் படுத்துப் பார்த்தால், ஏற்றின உயரம் கண்ணுக்குக் கிடைத்துவிடும். இஸ்திரி போட்ட புடவையோடு அக்காவும் பக்கத்தில் படுத்துவிட்டார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் தூங்கறீங்களா?" என்றார் முதலாளி.

"சும்மா இருங்க சார், அளவெடுத்துக்கினு கீறோம்" என்றார் அக்கா.

மேல் வரிக்கு நாலு விரல், நடு வரிக்கு ரெண்டு விரல் கூட வேண்டும் என்றேன். என் விரலையே அளந்து அக்கா எழுதிக்கொண்டார். மறுபடி அறுத்து ஏற்றினோம். மூன்று வரியும் ஒன்றுபோல நின்றது.

முதலாளி அக்காவைப் பாராட்டினார். "மிஷினுக்கு நான் சொன்னேன். எனக்கு அஞ்சல சொல்லிச்சு. அதை நிறுத்திட்டா அடுத்த போர்டுக்கு யார் தரையில படுத்துப் பாக்கறது? வெள்ளை வேட்டியோட நீங்களா?" என்றார் அக்கா. முதலாளி சிரித்துவிட்டார். என் வேலை போகவில்லை.

அதற்கப்புறம் எல்லா போர்டுக்கும் இரண்டு பேருமாகத்தான் படுத்தோம். "டேப்பு பொய் சொல்லாது. ஆனா பாக்க வர்றவன் டேப்பு எடுத்துக்கினு வர மாட்டான்" என்பார் அக்கா.

அடக்கம் முடிந்து வந்து, பாதியில் விட்ட போர்டின் முன்னால் மறுபடி படுத்தேன். பக்கத்தில் ஓராள் இடம் விட்டுத்தான் படுத்தேன். இனிமேலும் அப்படித்தான்.